வீட்டிலிருந்து வேலை: எந்தச் செலவு கம்பெனியுடையது, எது உங்களுடையது?

கேள்வி இது: "எங்கள் கிளை அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இனி எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஒரு லேப்டாப் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இணையம், மின்சாரம், மேசை, நாற்காலி எல்லாம் கைக்காசு. எச்.ஆரிடம் கேட்டால், 'இணையம் எப்படியும் வீட்டில் இருக்கும், பயணச் செலவு வேறு மிச்சம்தானே' என்கிறார்கள். இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா? கேட்டால் எதை, எவ்வளவு, எப்படிக் கேட்பது?"

சம்பளப் பட்டியல் போடும் பக்கத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இரண்டு பக்கத்து வாதங்களையும் கேட்டிருக்கிறேன். சட்டப்படி உரிமை உண்டா என்பதற்கு நாட்டுக்கு நாடு பதில் மாறும். நியாயம் உண்டா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: நாளைக் காலையில் கிளம்பி அலுவலகம் போனால் உங்களுக்கு உட்கார ஓர் இடம் இருக்கிறதா?

இடம் இருந்து, நீங்களாக விரும்பி வீட்டில் இருந்தால் அது உங்களுக்குக் கிடைத்த வசதி. அதற்கான செலவைக் கம்பெனி தரலாம், தராமலும் போகலாம். இடமே இல்லை என்றால் கதை வேறு. வாடகை, மின்கட்டணம், துப்புரவு, பராமரிப்பு என்று கம்பெனியின் கணக்கில் இருந்த செலவில் ஒரு பகுதி உங்கள் வீட்டுக் கணக்குக்கு மாறியிருக்கிறது. உங்கள் கதை இரண்டாவது வகை. அலுவலகத்தை மூடியது நீங்கள் இல்லை. பேச்சு எங்கெங்கோ போனாலும் இந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இந்த வேறுபாடு நான் கண்டுபிடித்தது இல்லை. ஸ்விட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஊழியருக்குத் தகுந்த வேலையிடம் எதையும் கம்பெனி கொடுக்கவில்லை. அவர் தன் வீட்டின் ஓர் அறையை வேலைக்கும் கோப்புகளுக்கும் பயன்படுத்தினார். அந்த அறைக்காக மாதம் 150 பிராங்க் கம்பெனி தர வேண்டும் என்பது முடிவு. முன்கூட்டி ஒப்பந்தம் எதுவும் இல்லை. "வேலை இல்லாவிட்டாலும் அவர் அதே வாடகையைத்தானே கட்டியிருப்பார்" என்ற வாதமும் எடுபடவில்லை. சொந்தக் காரைக் கம்பெனி வேலைக்கு ஓட்டினால், கார் எப்படியும் வீட்டில் நின்றிருக்கும் என்று சொல்லி யாரும் செலவைத் தராமல் இருப்பதில்லை. அறைக்கும் அதே நியாயம்.

கலிபோர்னியாவில் இதே வாதம் கைப்பேசி வடிவில் வந்தது. அங்கே தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆம் பிரிவு, வேலையைச் செய்ததன் நேரடி விளைவாக வரும் அவசியமான செலவுகளை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்கிறது. 2014-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி: ஊழியரிடம் ஏற்கெனவே அளவில்லாப் பேச்சுத் திட்டம் இருக்கிறது, வேலைக்கான அழைப்புகளால் பில்லில் ஒரு காசுகூட ஏறவில்லை, அப்படியென்றால் ஈடு எதற்கு? பில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், அதில் ஒரு நியாயமான விழுக்காட்டை முதலாளி தர வேண்டும் என்றது நீதிமன்றம். இல்லையென்றால் தன் செலவை ஊழியரின் தலையில் கட்டி முதலாளி ஆதாயம் பார்த்ததாகிவிடும் என்பது காரணம். பிறகு 2023-இல் ஐபிஎம் தொடர்பான வழக்கில், ஊரடங்கு போட்டது அரசுதான், நாங்கள் இல்லை என்று கம்பெனி வாதாடியபோது அதுவும் செல்லவில்லை. செலவு யாருடைய உத்தரவால் வந்தது என்பதைவிட, வேலையைச் செய்ததால் வந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது என்று முடிவானது. இந்த உரிமையை ஊழியர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது.

எல்லா நாடும் இந்தப் பக்கம் நிற்கவில்லை. போர்ச்சுகல் எதிர்த் திசையில் தொடங்கியது. அங்கே 2021-ஆம் ஆண்டின் 83-ஆம் எண் சட்டம், வீட்டிலிருந்து வேலை செய்வதால் "கூடுதலாக" வரும் செலவை மட்டும் கம்பெனி தர வேண்டும் என்றது. கூடுதல் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முந்தைய ஆண்டின் அதே மாதத்து பில்லோடு ஒப்பிட வேண்டும். காகிதத்தில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டணமே ஏறியிருந்தால்? வீடு மாறியிருந்தால்? குழந்தை பிறந்திருந்தால்? கணவன் மனைவி இரண்டு பேரும் வெவ்வேறு கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தால் ஏறிய தொகையை யார் யாருக்குப் பங்கு போடுவது? 2023-இல் சட்டத்தைத் திருத்தி, இரு தரப்பும் ஒரு நிலையான தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரிலிருந்து வரியில்லாமல் தரக்கூடிய அளவையும் அறிவித்தார்கள்: ஒரு வேலை நாளுக்கு மின்சாரத்துக்கு 10 சென்ட், இணையத்துக்கு 40 சென்ட், சொந்தக் கணினிக்கு 50 சென்ட், மொத்தம் 1 யூரோ. இந்தச் சிறிய தொகையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அதன் உள் விகிதத்தைப் பாருங்கள். மூன்றில் பெரியது கருவி, அடுத்தது இணையம், கடைசிதான் மின்சாரம். நாம் பொதுவாகப் புலம்பும் வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

மின்சாரத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேப்டாப் ஏறக்குறைய 50 வாட், வெளி மானிட்டர் 30, ரவுட்டர் 10, ஓர் எல்.இ.டி. விளக்கு 10 என்று வைத்தால் 100 வாட். எட்டு மணி நேரத்துக்கு 0.8 யூனிட். மாதம் 22 வேலை நாள் என்றால் 18 யூனிட்டுக்கும் குறைவு. உங்கள் ஊரில் ஒரு யூனிட் என்ன விலையோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிய தொகை வராது. அறையைக் குளிர்விப்பதும் சூடாக்குவதும் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஏ.சி.யோ ஹீட்டரோ சராசரியாக மணிக்கு 1 யூனிட் இழுத்தால் மாதம் 176 யூனிட், அதாவது மற்ற எல்லாம் சேர்ந்ததைப் போலப் பத்து மடங்கு. அடுக்குக் கட்டண முறை உள்ள ஊர்களில் இது உங்களை மேல் அடுக்குக்கும் தள்ளிவிடும். ஆகவே மின்சாரத்துக்குக் கேட்பதாக இருந்தால் "மின்கட்டணம் அதிகமாகிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வேலை நேரத்தில் அறையின் வெப்பநிலை வேலை செய்யும்படி இருப்பது அலுவலகத்தில் யார் பொறுப்பாக இருந்தது என்று கேளுங்கள். பருவத்துக்கு ஏற்பச் சில மாதங்களுக்கு மட்டும் கூடுதல் தொகை என்பது பல கம்பெனிகள் ஒத்துக்கொள்ளக்கூடிய கோரிக்கை.

இணையத்தில் என் கருத்து இது. கம்பெனி வேலைக்காக வேகம் கூடிய திட்டத்துக்கு மாறியிருந்தால் பழைய திட்டத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் கம்பெனியுடையது. இருந்த திட்டத்திலேயே வேலை நடந்தால் பாதி கேட்பது நியாயம். வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று துல்லியமாகக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் அந்தக் கணக்குக்கு ஆகும் நேரத்தின் சம்பளம் பில்லைவிட அதிகமாகிவிடும். இணையமோ மின்சாரமோ அறுந்தால் உடனே மாற்று வேண்டும், அழைப்பில் இல்லாவிட்டால் அரைநாள் விடுப்பு என்று நிபந்தனை போடும் கம்பெனிகளும் உண்டு. அந்த நிபந்தனை இருந்தால் யு.பி.எஸ்., மாற்று டேட்டா சிம் இரண்டுக்கும் கம்பெனிதான் பொறுப்பேற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

மேசையும் நாற்காலியும்தான் உண்மையிலேயே பெரிய செலவு. அதைவிட, தவறாகப் போனால் உடம்பு கொடுக்கும் விலை. பல நாடுகளில் இது அலவன்ஸ் விஷயமே இல்லை, பாதுகாப்புச் சட்டத்தின் விஷயம். பிரிட்டனில் திரை முன் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கான 1992-ஆம் ஆண்டு விதிமுறைகள், நீண்ட காலம் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். கம்பெனி உங்கள் இருக்கையை, திரையின் உயரத்தை, வெளிச்சத்தை மதிப்பீடு செய்ய வேண்டும். நடைமுறையில் ஒரு படிவம் அனுப்பி, நீங்களே நிரப்பச் சொல்வார்கள். அந்தப் படிவத்தைச் சடங்காக நினைத்து எல்லாவற்றுக்கும் "சரி" என்று டிக் அடித்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் உங்கள் கோரிக்கையை நீங்களே கொன்றுவிடுகிறீர்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக உண்மையை எழுதுங்கள். சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்பு வசதிக்கு ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது என்று அந்நாட்டின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு சட்டம் உங்கள் நாட்டில் இல்லாவிட்டாலும், இருக்கை சரியில்லை என்று எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகு எதுவும் செய்யாமல் இருக்க எந்த எச்.ஆருக்கும் தயக்கம் இருக்கும்.

உங்கள் கதையில் இன்னொன்று எனக்கு உடனே தோன்றியது. கிளையை மூடியபோது அங்கிருந்த நாற்காலிகளும் மானிட்டர்களும் எங்கே போயின? பெரும்பாலும் மொத்தமாகப் பழைய சாமான் விலைக்குத்தான் போகும். இன்னும் கிடங்கில் இருந்தால் முதல் கோரிக்கையே அதுவாக இருக்கட்டும். கம்பெனிக்குக் கையை விட்டு எதுவும் போகாது, உங்களுக்கு நல்ல நாற்காலி கிடைக்கும். பண ஒதுக்கீட்டுக்கு மேலிடத்து ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகும் இடங்களில்கூட இதை ஒரு நிர்வாக மேலாளர் ஒரே மின்னஞ்சலில் முடித்துவிட முடியும்.

இனி, எந்த வடிவில் வாங்குவது என்பது. பலர் "மாதம் இவ்வளவு சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்டுவிடுகிறார்கள். சம்பளத்தோடு சேர்ந்து வரும் தொகையைப் பொதுவாக வரித் துறை சம்பளமாகவே பார்க்கும். வரி பிடித்தது போக மீதிதான் கைக்கு வரும். அதே நாற்காலியைக் கம்பெனியே வாங்கி, தன் சொத்தாகப் பதிந்து, உங்கள் வீட்டுக்கு அனுப்பினால் பல நாடுகளில் வரி இல்லை அல்லது மிகக் குறைவு. நடுவில் நிற்பது பில் கொடுத்துத் திரும்ப வாங்குவது. ஆக, பொருளாக வாங்குவது மேல், பில்லுக்குப் பணம் அடுத்தது, மொத்தத் தொகை கடைசி. என் அனுபவத்தில் கம்பெனிக்கும் இந்த வரிசைதான் லாபம். சம்பளத்தில் சேர்த்தால் அதன்மேல் வருங்கால வைப்பு, காப்பீடு போன்ற பங்களிப்புகளும் ஏறக்கூடும். இதை எடுத்துச் சொன்னாலே நிதித் துறைக்காரர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

வரிச் சட்டம் இந்த வேறுபாட்டை எவ்வளவு பிடிவாதமாகப் பார்க்கும் என்பதற்கு மறுபடியும் பிரிட்டன்தான் உதாரணம். வேலைக்கான மேசையைக் கம்பெனி வாங்கித் தந்தால் வரி கிடையாது. அதே மேசையை ஊழியர் வாங்கி, அதே பில்லைக் கம்பெனியிடம் கொடுத்துப் பணம் பெற்றால் அது நெடுங்காலமாக வரிக்குரிய வருமானமாக இருந்தது. ஒரே மேசைதான், கடைக்குப் பணம் கொடுத்த கை மட்டும்தான் வேறு. கோவிட் காலத்தில், 2020 மார்ச் முதல் 2022 ஏப்ரல் வரை, இந்த வேறுபாட்டைத் தற்காலிகமாக விலக்கி வைத்தார்கள். நிரந்தரமாக நீக்கும் அறிவிப்பு 2025 பட்ஜெட்டில்தான் வந்தது.

அமெரிக்காவில் பில் கொடுத்து வாங்குவதற்கு வரி விலக்கு வேண்டுமென்றால் மூன்று விஷயம் தேவை. செலவு வேலைக்கானதாக இருக்க வேண்டும், நியாயமான காலத்துக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும், முன்பணம் மிஞ்சினால் திருப்ப வேண்டும். செலவான 60 நாளுக்குள் கணக்கு, 120 நாளுக்குள் மிச்சம் என்பது பாதுகாப்பான எல்லை. இந்த ஒழுங்கு எந்த நாட்டிலும் பழகிக்கொள்ள நல்லது. ஆறு மாத பில்லை ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுகிறவருக்கும் மாதா மாதம் ஒன்று அனுப்புகிறவருக்கும் கணக்குத் துறையில் கிடைக்கும் முகம் ஒன்றல்ல. இல்லினாயில் 2019 முதல் உள்ள சட்டம் கோரிக்கைக்கு 30 நாள்தான் தருகிறது. கம்பெனிக் கொள்கை அதற்கு மேல் அவகாசம் தந்தால் ஒழிய, அந்தக் கெடு தாண்டினால் கேட்கும் உரிமையே கேள்விக்குறி.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. நியமனக் கடிதமும் கம்பெனிக் கொள்கையும்தான் சட்டம். வருமான வரி விதிகள் மட்டும் நெடுங்காலமாக ஒரு குறிப்புத் தந்திருக்கின்றன. கம்பெனி தன் லேப்டாப்பைப் பயன்படுத்தக் கொடுத்தால் அதற்குச் சலுகை மதிப்பு, அதாவது வரிக்காக வருமானத்தோடு சேர்க்கும் தொகை, பூஜ்யம். மற்ற அசையும் பொருள்களைக் கொடுத்தால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு மதிப்பு என்று கணக்கிட்டார்கள். அப்படியே பார்த்தாலும், நாற்காலியின் முழு விலையையும் அலவன்ஸாக வாங்கி வரி கட்டுவதைவிட அது பல மடங்கு மலிவு.

எவ்வளவு கேட்பது என்று கேட்டீர்கள். வேறு நாடுகளில் வரியில்லாமல் தர அனுமதிக்கும் தொகைகள் ஓர் அளவுகோலாக உதவும். நெதர்லாந்தில் 2022-இல் நாளுக்கு 2 யூரோ என்று தொடங்கி, 2023-இல் 2.15, 2024-இல் 2.35, 2025-இல் 2.40 என்று ஏற்றினார்கள். ஒரே நாளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான படியும் (வீட்டுப்படி) பயணப் படியும் சேர்த்து வாங்க முடியாது என்பது அங்குள்ள விதி. வாரத்தில் சில நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த விதி நல்ல தெளிவு தரும். அயர்லாந்தில் நாளுக்கு 3.20 யூரோ. பிரிட்டனில் ரசீது இல்லாமல் வாரத்துக்கு 6 பவுண்ட். உங்கள் நாட்டுப் பணத்துக்கு இதை அப்படியே மாற்றிக் கேட்காதீர்கள், விலைவாசி வேறு. கவனிக்க வேண்டியது வேறொன்று. இவை எல்லாமே நாள் கணக்கு அல்லது வாரக் கணக்கு, எல்லோருக்கும் ஒரே தொகை. சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று எங்கும் இல்லை. சில கம்பெனிகள் பதவிக்கு ஏற்ப வீட்டுப்படி கொடுக்கின்றன. துணைத் தலைவரின் ரவுட்டர் அதிக மின்சாரம் குடிக்கிறதா என்ன? உங்கள் இடத்தில் அப்படி இருந்தால் கீழ்ப்படியில் இருப்பவர்களுக்காக அதையும் சேர்த்துப் பேசுங்கள். வாடிக்கையாளர் சேவையில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான் சொந்தக் கணினி, சொந்த ஹெட்செட் என்று அதிகம் சுமக்கிறார். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இந்தச் செலவுகளை ஈடுகட்டச் சொல்வதில்லை. ஆனால் வேலைக்கான கருவியை ஊழியர் வாங்கியதால் அவர் சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்குமானால் அதை அனுமதிப்பதில்லை.

கம்பெனி தராவிட்டால் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்த வழி பல இடங்களில் அடைபட்டு வருகிறது. கனடாவில் 2020-இல் நாளுக்கு 2 டாலர் என்று எளிதாகக் கழிக்க ஒரு முறை கொண்டுவந்தார்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கோடு அது முடிந்தது. இப்போது முதலாளி கையெழுத்திட்ட படிவமும் விவரக் கணக்கும் வேண்டும். அமெரிக்காவில் 2018 முதல் சாதாரண ஊழியர் தன் வேலைச் செலவைக் கூட்டாட்சி வரியில் கழிக்க முடியாது. தற்காலிகம் என்றிருந்த அந்தத் தடையை 2025-இல் நிரந்தரமாக்கினார்கள். பிரிட்டனும் ஊழியர் தானாகக் கோரும் கழிவை 2026 ஏப்ரலோடு நிறுத்துவதாக அறிவித்தது. அதே சமயம் கம்பெனி தரும் 6 பவுண்டுக்கு இருந்த விலக்கைத் தொடவில்லை. ஜெர்மனி மட்டும் எதிர்த் திசையில் போனது. நாளுக்கு 5 யூரோ, ஆண்டுக்கு 600 என்று இருந்ததை 2023-இல் 6 யூரோ, 1,260 வரை என்று கூட்டியது. ஆஸ்திரேலியாவில் மணிக்கணக்கு. 2024 ஜூலையிலிருந்து மணிக்கு 70 சென்ட், ஆனால் ஆண்டு முழுவதும் எத்தனை மணி நேரம் என்ற பதிவு இருக்க வேண்டும். வரிக் கழிவு என்றாலே ஒரு பகுதிதான் திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். 20 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு நூறு ரூபாய்ச் செலவில் இருபதுதான் மிச்சமாகும். கம்பெனி கொடுத்தால் நூறும் திரும்பும்.

"பயணச் செலவு மிச்சம்தானே" என்பதற்கு வருகிறேன். இது நேர்மையான வாதமாகத் தோன்றும், ஓரளவு உண்மையும்கூட. பலருக்கு வீட்டிலிருந்து வேலை செய்வதில் மொத்தமாகப் பார்த்தால் லாபம்தான். அதை மறுத்து வாதாடாதீர்கள், மறுத்தால் மற்ற கோரிக்கைகளின் மதிப்பும் போய்விடும். இப்படிக் கேளுங்கள்: பயணச் செலவை இதுவரை கம்பெனி தந்துகொண்டிருந்ததா? தந்திருந்தால், அந்தப் படியை நிறுத்திவிட்டு வீட்டுப்படியாக மாற்றுவது நியாயம். தரவில்லை என்றால் அது எப்போதும் உங்கள் சொந்தச் செலவு. அதில் மிச்சமானதும் உங்களுடையதே. ஊழியர் அலுவலகத்துக்கு அருகில் வீடு மாற்றிப் பயணச் செலவைக் குறைத்தால் யாரும் அவர் நாற்காலியைப் பிடுங்குவதில்லை.

உரிமை என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். ஐரோப்பாவில் முதலாளி அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் 2002-லேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தொலைவிலிருந்து முறையாக வேலை செய்பவருக்குக் கருவி தருவதும் பராமரிப்பதும் பொதுவாக முதலாளியின் பொறுப்பு, வேலையால் நேரடியாக வரும் செலவு, குறிப்பாகத் தகவல்தொடர்புச் செலவு, முதலாளியுடையது என்று அதில் இருக்கிறது. அதன் பின் சட்டமாகவே கொண்டுவந்த நாடுகள் உண்டு. ஸ்பெயினின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று மாதக் கணக்கில் வேலை நேரத்தில் குறைந்தது 30 விழுக்காடு தொலைவிலிருந்து செய்பவருக்குப் பொருந்தும். மெக்சிகோவில் 40 விழுக்காட்டுக்கு மேல் என்று வைத்து, தொலைத்தொடர்புச் செலவும் மின்சாரத்தில் ஒரு பங்கும் முதலாளி தர வேண்டும் என்றார்கள். இப்படி எதுவும் இல்லாத நாட்டில் இருந்துகொண்டு "சட்டப்படி தர வேண்டும்" என்று மின்னஞ்சல் எழுதினால், சட்டத் துறைக்கு அனுப்பி ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்துவிடும். மூடிய கிளையின் மாத வாடகையும் பராமரிப்பும் எவ்வளவு, ஊழியர்கள் எத்தனை பேர், நீங்கள் கேட்பது தலைக்கு எவ்வளவு என்று மூன்று எண்களை அருகருகே வையுங்கள். வாடகை சரியாகத் தெரியாவிட்டால் அந்தப் பகுதியின் சதுர அடி விலையை வைத்துத் தோராயமாகப் போடலாம். அந்த அட்டவணைக்கு முன்னால் பெரும்பாலான மேலாளர்கள் பேசத் தயாராகிவிடுவார்கள். தனியாகப் போகாமல் குழுவாகக் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் தர எச்.ஆருக்கு வழி இருக்காது, எல்லோருக்கும் ஒரே விதி என்றால் வழி இருக்கும்.

ஸ்பெயின் சட்டத்திலிருந்து ஒரு நல்ல பழக்கத்தை எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே எழுத்து ஒப்பந்தத்தில், கொடுத்த கருவிகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்றப்படும், என்னென்ன செலவு வரலாம், அதற்கு எவ்வளவு, எப்போது தரப்படும் என்று எழுத வேண்டும். உங்கள் எச்.ஆர். ஒத்துக்கொண்டதும் வாய்ப்பேச்சாக விடாமல், இதே விவரங்களை நீங்களே ஒரு மின்னஞ்சலில் எழுதி "நாம் பேசியது இது, சரிதானே" என்று கேளுங்கள். பதிலாக "ஆம்" என்ற ஒரு சொல் வந்தால் போதும்.

அறை வாடகையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். ஸ்விஸ் தீர்ப்பு இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் வாடகைப் பங்கு கேட்டு ஜெயிப்பது கடினம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை முதல் கோரிக்கையில் சேர்க்க மாட்டேன். வீட்டில் தனி அறையே இல்லாதவர்களுக்குப் பகிர்வு அலுவலகத்தில் இடம் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும் மாற்று. பில் கம்பெனியின் பெயருக்கே போகும், வரிச் சிக்கலும் பெரும்பாலும் இல்லை. சொந்த வீடு உள்ளவர்கள் ஓர் அறையை முழுக்க முழுக்கத் தொழிலுக்கென்றே ஒதுக்கியதாக எழுத்தில் கொடுக்கும்முன் யோசியுங்கள். சில நாடுகளில் வீட்டை விற்கும்போது அந்த அறையின் பங்குக்கு மூலதன ஆதாய வரி விலக்குக் கிடைக்காமல் போகும். பிரிட்டன் அப்படி ஒன்று. அந்த அறையில் குழந்தைகளும் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள் என்றால் அதையும் மறைக்காமல் இருப்பதே நல்லது.

பொருளாக வாங்கியவர்கள் வேலையை விடும் நாளையும் இப்போதே பேசி முடிக்க வேண்டும். நாற்காலியை யார் வந்து எடுப்பார்கள், கூரியர் செலவு யாருடையது, மூன்று ஆண்டு கழிந்த பொருளைத் தேய்மானம் போக மீதி விலைக்கு நீங்களே வைத்துக்கொள்ளலாமா, ஓராண்டுக்குள் விலகினால் நாற்காலிக்குத் தந்த பணத்தைக் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பிடித்தம் என்ற வரி இருந்தால் அதில் மாதத்துக்கு மாதம் குறையும் கணக்கு வேண்டும் என்று கேளுங்கள். பதினோரு மாதம் உட்கார்ந்த நாற்காலிக்கு முழு விலையைப் பிடிக்கும் ஷரத்துகள் இருக்கின்றன. கம்பெனிப் பொருள் உங்கள் வீட்டில் இருக்கும்போது திருடு போனாலோ தண்ணீரில் நனைந்தாலோ யார் காப்பீடு என்பதையும் கேட்டுவிடுங்கள். வீட்டுக் காப்பீடு பல நேரம் அலுவலகப் பொருளைச் சேர்ப்பதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது வரிசை எண்ணோடு ஒரு ரசீது வாங்கி வையுங்கள், கூரியர்காரர் தரும் துண்டுச் சீட்டு போதாது. கணக்கு முடிக்கும் நேரத்தில் "மானிட்டர் வந்து சேரவில்லை" என்ற மின்னஞ்சல்தான் நான் அதிகம் பார்த்த தகராறு.